தண்ணீரில் தோய்த்த கம்பி

அண்ணன் செத்த அன்றைக்கு அவன் கட்டிய வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. இன்ஜின் ஓடும். பிரேக் பிடிக்கும். நான்கு சக்கரமும் இருந்தன. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கம்பி மட்டும் மாட்டவில்லை. சந்தை அன்றைக்கு ஜமுனாமரத்தூர் போய் நட்டு வாங்கி வந்து மாட்டிவிடலாம் என்றிருந்தான். அதற்குள் புளி உலுக்க மரம் ஏறினவன் கிளையோடு விழுந்தான். கம்பளியில் போட்டு, மூங்கிலில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு மண் பாதைதான். ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் வந்து நிற்கும். மேலே ஏறாது. அண்ணன் பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டான்.

ஓடுகிற வண்டி வாசலில் நிற்க, அதைக் கட்டினவனைத் தோளில் தூக்கிப் போனோம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் கோணிக்கொள்ளும். வருவது அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாது.

வண்டி என்றால் கடையில் விற்கிற வண்டி இல்லை. யாரோ காலேஜ் பையன்கள் வண்டி கட்டுகிற போட்டிக்கென்று பைப்பை வளைத்து ஒட்டிப் பாதியில் விட்ட சட்டம் ஒன்று ஒடுகத்தூரில் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அண்ணன் கண்ணமங்கலத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவன். நசுங்கிய பழைய வேன் ஒன்றின் இன்ஜினையும் முன்பக்கச் சாமான்களையும் அந்தச் சட்டத்தில் ஏற்றினான். பின்னால் ஒருத்தர் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி பலகை போட்டான். கூரை கிடையாது, கதவு கிடையாது. ஹார்ன் உண்டு. அதைத்தான் முதலில் மாட்டினான்.

"மொதல்ல சக்கரத்த மாட்டுடா, அப்பறம் கத்து" என்று பெரியப்பா திட்டுவார்.

"சக்கரம் இல்லாமயே எல்லாம் வழி வுட்டுப் போறாங்க பாரு பெரிப்பா" என்று இன்னொரு தரம் அடிப்பான்.

நம்பர் பிளேட் இல்லாத வண்டியைத் தார் ரோட்டில் ஏற்ற முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓடினால் போதும் என்பான். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எதுவானாலும் அந்த மண் பாதையைத் தாண்டுகிற வரைக்கும்தான் உயிர் ஊசலாடும்.

காலேஜ் பையன்களின் சட்டம் வேனைவிட அகலம். இரண்டு முன் சக்கரங்களும் சேர்ந்து திரும்ப நடுவில் ஒரு கம்பி உண்டு. டை ராடு என்பார்கள். வேனில் இருந்த டை ராடு இந்த அகலத்துக்கு எட்டவில்லை. எங்கள் ஊரில் எது எட்டாவிட்டாலும் ஒட்டுப் போடுவோம். ஏர்க்காலுக்கு ஒட்டு, ஏணிக்கு ஒட்டு, தண்ணிக் குழாய்க்கு ஒட்டு. அண்ணன் அந்தக் கம்பியை நடுவில் அறுத்து, ஒரு துண்டு இரும்பு வைத்து, வாடகை மிஷின் கொண்டுவந்து வெல்டிங் வைத்தான். வைத்ததில் கம்பி லேசாகக் கோணிவிட்டது.

அதை நிமிர்த்தினது அப்பா. எங்கள் ஊருக்கு அரிவாள், களைக்கொத்து எல்லாம் காய்ச்சி அடித்துத் தருகிறவர் அவர்தான். விவசாயம்தான் தொழில், ஆனால் கொல்லையில் ஒரு கரி உலையும் கையால் சுற்றி ஊதுகிற விசிறியும் வைத்திருக்கிறார். கம்பியை வெல்டிங் இருந்த இடத்தில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, அடித்து நேராக்கி, அரிவாளைத் தோய்ப்பது மாதிரியே தொட்டித் தண்ணீரில் விட்டார். புஸ்ஸென்று ஆவி எழும்பியது.

"இன்னாப்பா, தண்ணியில வுட்டுட்ட?" என்றான் அண்ணன்.

"வுடாத பின்ன? பச்சையா வுட்டா வளஞ்சிக்கும்டா. இப்பப் பாரு, பாறையில மோதினாலும் வளையாது."

அண்ணன் கம்பியைத் தூக்கி விரலால் சுண்டினான். மணி மாதிரிக் கேட்டது. அப்பாவும் பிள்ளையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அண்ணன் போனபோது அண்ணிக்கு நாள் தள்ளியிருந்தது. எங்களுக்கே தெரியாது, அவளும் அவனும் மட்டும் வைத்திருந்த சேதி. காரியம் முடிந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள். குழந்தை புரட்டாசியில் பிறக்கும் என்றார்கள். புரட்டாசியில் எங்கள் பாதை செம்மண் குழம்பாக இருக்கும். பைக் வழுக்கும். முன்கூட்டியே ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கிக்கொள்ளச் சொன்னார் நர்ஸம்மா. அண்ணி போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து மூட்டையை மூலையில் எறிந்துவிட்டு என்னிடம் கத்தினாள்.

"அங்க எல்லாத்துக்கும் புருசன் வந்து சன்னலாண்ட எட்டிப் பாக்கறான் பாப்பா. உன் வூட்டுக்காரு எப்ப வருவாருன்னு கேக்கறாளுங்க. நான் இன்னான்னு சொல்றது?"

அதற்கு மேல் அவளை அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

அப்படித்தான் எல்லாம் அந்த வண்டி மேல் வந்து நின்றது. அப்பா ஆடியில் அந்தக் கம்பியைத் தானே மாட்டினார். நட்டுகளை முறுக்கிவிட்டுச் சட்டத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி எடுத்தால் அண்ணியை இதில்தான் இறக்கப்போகிறோம், பாப்பா ஓட்டுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பாப்பா என்றால் நான். ஒரு கோடையில் அண்ணன் கண்ணமங்கலம் ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தபோது ஒர்க் ஷாப் வேனில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது.

எனக்கு அந்தப் பாதையை நினைத்தாலே பயம். பள்ளத்தை ஒட்டி ஒரு திருப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் கீழே மர உச்சிகள் தெரியும். அங்கே சக்கரம் நான் சொல்வதைக் கேட்காவிட்டால் அவ்வளவுதான். அதனால் தினமும் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றையும் கிரசின் துணியால் துடைத்துப் பார்ப்பேன். பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே படுத்திருந்தால் அண்ணன் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், அதற்காகவும்தான்.

டை ராடில் வெல்டிங்குக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு பழுப்புக் கோடு இருந்தது. துடைத்தேன். போய்விட்டது. மறுநாள் பனியில் ஊறின இரும்பில் அதே இடத்தில் அதே கோடு. மறுபடி துடைத்தேன். மறுபடி வந்தது. மற்ற இடத்தில் துரு பூத்தால் படர்ந்து பூக்கும். இது யாரோ ஊசியால் கிழித்த மாதிரி வந்தது. பெட்ரோல் டாங்கி எங்கே கசிகிறது என்று பார்க்க அண்ணன் சாக்பீஸ் தேய்ப்பான். எனக்கு அது ஞாபகம் வந்தது. சாக்பீஸ் இல்லை. கம்பியைக் கிரசினில் நனைத்து ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே காய்ந்த சுண்ணாம்புத் தூளைப் பூசினேன். அரிசி வெந்து இறக்கும் நேரத்துக்குள் வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு கசிந்து எழுந்தது. கம்பியைப் பாதிச் சுற்றுச் சுற்றியிருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெரியப்பாவும் கூடவே வந்தார்.

"அது வெல்டிங் வெச்ச கோடுடி" என்றார் அப்பா.

"வெல்டிங் மேல இல்லப்பா, பக்கத்துல. உள்ள விரிசல் வுட்டுகீது. இத்த எடுத்துட்டு வேற போடலாம்பா."

"எட்டாவது தாண்டல, இன்ஜினீரு ஆய்ட்டா" என்றார் பெரியப்பா. "ஏம்மா, ஓட்டப் பயமா கீதுன்னா நேரா சொல்லு. சாமானம் மேல ஏன் பழிய போடற?"

"பயமாத்தான் கீது பெரிப்பா. நீ வந்து ஓட்டறியா?"

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. "அவன் கை பட்டது இது. எவனாச்சும் இத்த அறுத்தீங்க, கழட்டனீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன். எம்புள்ள செஞ்சதுக்கு ஒண்ணியும் ஆவாது" என்று கத்தினார்.  எனக்கும் அதைக் கழற்ற மனசில்லை. அந்த வெல்டிங்கில் அவன் கை ஆடின இடம்கூடத் தெரியும், ஓரத்தில் சின்னதாக ஒரு சொட்டு. அதைக் கழற்றச் சொல்லுகிற என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அண்ணியைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு அந்தத் திருப்பத்தில் நான் போகவேண்டும்.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணன் போனதிலிருந்து அப்பாவிடம் நேருக்கு நேர் அவள் பேசினதில்லை.

"மாமா, அதுல படுத்துக்கினு போறவ நானு. எனக்கு அத்த அடிச்சிக் காட்டுங்க. ஒடியலன்னா நான் வாயத் தெறக்காம ஏறிக்கறேன்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். கம்பியைக் கழற்றி எடுத்து வந்தார். துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்று, "பாருங்கடி, எம்புள்ள வேலைய" என்று சொல்லி, கடப்பாரையைச் சோதிக்கிற மாதிரி அதை ஓங்கி ஒரே அடி அடித்தார்.

கண்ணாடி உடைகிற சத்தம். பாதிக் கம்பி எகிறி அம்மாவின் காலடியில் விழுந்தது. அம்மா அலறினாள். அப்பா கையில் மீதிப் பாதி இருந்தது. வளையவே இல்லை. மூங்கில் மாதிரி நார் பிரியவும் இல்லை. பட்டென்று போயிருந்தது.

அப்பா ஒடிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பாதி பழுப்பாக, பழைய துரு. மீதி வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி மணி மணியாக மின்னியது. கட்டை விரலால் அதைத் தேய்த்தார். அவர் எத்தனையோ அரிவாள் காய்ச்சினவர். அளவுக்கு மேல் தோய்த்த அரிவாள் கல்லில் பட்டு ஒடிந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அவன் ஒட்டு நல்லாத்தான் கீது" என்றார் மெதுவாக. "ஒட்டு ஒடியல. பக்கத்துல ஒடிஞ்சிகீது. தண்ணியில வுட்டது நானு."

அதைச் சொல்லிவிட்டு அப்படியே கல் மேல் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா அவர் தோளைத் தொட்டார். அப்பா தட்டிவிட்டார்.

எனக்கு அப்போது ஒரு நினைப்பு வந்தது. சந்தை அன்றைக்கு நட்டு வாங்கி வந்திருந்தால் அண்ணன் இந்தக் கம்பியை மாட்டிக்கொண்டு, ஹார்ன் அடித்துக்கொண்டு, அந்தத் திருப்பத்துக்குத்தான் போயிருப்பான். எப்படி இருந்தாலும் செத்திருப்பான் என்று நினைத்து ஒரு நிமிஷம் மனசு லேசானது. உடனே அந்த மனசை அறுத்துப் போடலாம் போல வந்தது. லேசாகிற மனசா அது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு துண்டையும் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். பஸ் மாறிக் கண்ணமங்கலம் போய், சாமான் கடையில் பையை அவிழ்த்தேன்.

"எந்த வண்டிக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"வூட்ல கட்டினதுங்க."

"வூட்ல தொட்டில்தாம்மா கட்டுவாங்க." துண்டைக் கையில் எடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "எவம்மா இத்த ஒட்டுப் போட்டது? வரச் சொல்லு அவன. ஸ்டியரிங் கம்பிய ஒட்டுப் போடலாமா?"

"எங்க அண்ணங்க. அவரு இல்லங்க."

"எங்க போய்கிறாரு?"

நான் குனிந்து கோணிப்பையை மடித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் அழுதுவிடுவேன். துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து நீளம் அளந்தோம். பெரிய லோடு வண்டியின் கம்பி ஒன்று சரியாக எட்டியது. ஒட்டில்லாத ஒரே கம்பி, இரண்டு முனையிலும் திருகுகிற மரை. கம்பியைச் சக்கரத்தோடு கோக்கிற பழைய முனைகளைக் கையால் ஆட்டிப் பார்த்து, உள்ளே இருக்கிற குமிழ் தேய்ந்துபோயிற்று என்று ஓரமாகப் போட்டார். புது முனைகள் இரண்டு பெட்டியில் கொடுத்தார்.

"வெட்டாத, சூடு காட்டாத, ஒட்டாத. எட்டலன்னா வேற கம்பி வாங்கு. முனையோட கூம்பு ஓட்டையில முழுசா ஒக்காரணும். சாக்பீஸ் தடவி வுட்டு எடுத்துப் பாரு, சுத்தியும் தேய்ஞ்சிருக்கணும். ஒரே எடத்துல தேய்ஞ்சிருந்தா மாட்டாத."

ஒரு சாக்பீஸும் கையில் வைத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். இடது பக்கத்துக் கூம்பு சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையில் இருந்த ஓட்டைக்குள் அடைப்பான் மாதிரி உட்கார்ந்தது. வலது பக்கம் ஆடியது. எடுத்துப் பார்த்தால் வாயோரம் மட்டும் சாக்பீஸ் தேய்ந்திருந்தது. பெட்டி மாறி வேறு வண்டியின் முனை வந்திருக்கிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

"நட்ட இறுக்குனா ஒக்காந்துக்கும் வுடு" என்றார் பெரியப்பா. "ஒரு தரம் தான போவப் போறோம்."

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரே ஒரு தரம்தானே. அப்பாதான் மழையில் நனைந்துகொண்டே குனிந்து பார்த்துச் சொன்னார்:

"வேணாம். கழட்டு. காலைலேயே போய் மாத்தினு வா."

"அதுக்குள்ள வலி வந்துட்டா?"

"வந்துட்டா பாக்கலாம். இத்த மாட்டாத."

காலையில் கடைக்காரர் முனையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை பழைய முனையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் கொடுத்தார். பஸ் மலை ஏறும்போது ஒரு இடத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நான் கண்டக்டரிடம் போய்க் கத்தினேன். அவர் என்ன செய்வார்? எனக்குக் கத்தாமல் நிற்க முடியவில்லை. மரத்தை அறுத்து இழுத்துப் போடுகிற வரைக்கும் அந்த முனையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தார் ரோட்டில் இறங்கி மண் பாதையில் ஏறும்போதே மேலிருந்து பெரியப்பா மகன் ஓடி வந்தான். "காலைலருந்து அண்ணிக்கு வலிக்குதுக்கா, சீக்கிரம் வா" என்றான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் ஊரே நின்றது. மூங்கிலில் கம்பளியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் அதுல ஏற மாட்டேன். என்னிய கொன்னாலும் ஏற மாட்டேன். அதுல போனவங்க வரல."

"ஏறும்மா, அடம் புடிக்காத. வழியில எங்கனா ஆய்டப்போவுது" என்று யாரோ சொன்னார்கள்.

"பாப்பா வந்துட்டா பாரு. பாப்பா, மாட்டுடி. சீக்கிரம் மாட்டுடி!" என்று அண்ணி என்னைக் கண்டதும் கத்தினாள்.

வண்டிக்கு அடியில் போனேன். அப்பா மறுபக்கத்திலிருந்து வந்து படுத்தார். செம்மண் தண்ணீர் முதுகுக்கு அடியில் ஓடியது. ஓட்டையை உலர்ந்த துணியால் துடைத்தேன், கூம்பையும் துடைத்தேன். சாக்பீஸ் தடவி விட்டு எடுத்தேன். சுற்றியும் தேய்ந்திருந்தது. மறுபடி துடைத்து உள்ளே விட்டேன். நட்டை முறுக்கினேன். நட்டில் வெட்டு வெட்டாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளமும் தண்டில் இருக்கிற சின்ன ஓட்டையும் நேராக வந்தால்தான் அதில் ஊசி மாதிரி ஸ்பிளிட் பின்னை விட்டு மடக்க முடியும். அப்போதுதான் நட்டு கழலாது. எனக்குப் பள்ளம் ஓட்டையை மயிரளவு தாண்டிவிட்டது.

"கொஞ்சம் திருப்பி லூஸ் பண்ணு, நேரா வந்துடும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

"பண்ணாத" என்றார் அப்பா. "அடுத்த பள்ளம் வர வரிக்கும் முறுக்கு. பின்னால போவாத."

ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டித் தோல் பெயர்ந்தது. அப்பா கையையும் சேர்த்துப் போட்டார். இரண்டு பேரும் இழுத்தோம். அடுத்த பள்ளம் நேராக வந்தது. பின்னை விட்டு இரண்டு காலையும் விரித்து மடக்கினேன். வெளியே அண்ணி கத்தினாள். "இன்னாம்மா பண்ற இன்னும்? ஓடுனா போதாதா?" என்றார் பெரியப்பா. கம்பியின் இரண்டு முனையிலும் மரை போதுமான அளவு உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். லாக் நட்டுகளை இறுக்கினேன். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு நூல் பிடித்து இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்தார் அப்பா. ஸ்டியரிங்கை இந்தக் கோடி வரைக்கும் அந்தக் கோடி வரைக்கும் திருப்பினேன். கம்பி எதிலும் உரசவில்லை, பிரேக் டியூபைத் தொடவில்லை.

"ஏத்துங்க" என்று அண்ணியைத் தூக்க வந்தார்கள்.

"இருங்க. மொதல்ல காலியா ஓட்டிப் பாக்கணும்."

என்னை எல்லோரும் சேர்ந்து அடித்திருப்பார்கள். "மனுசியா நீ? உயிர் போவுது அங்க" என்று ஒரு பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நான் காது கொடுக்கவில்லை. அப்பா மட்டும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஓடை வரைக்கும் போய், பிரேக் அடித்து, முழுக்கத் திருப்பி, கல் மேல் ஏற்றி இறக்கி, திரும்பி வந்தேன். அப்பா குதித்து அடியில் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "அப்படியே கீது" என்றார். அதன் பிறகுதான் அண்ணியைப் பலகையில் படுக்கவைத்தார்கள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா பின்னால் நின்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

பாதையில் என்ன பார்த்தேன் என்று எனக்கு முழுக்க ஞாபகம் இல்லை. சக்கரம் சேற்றில் வழுக்கும், நான் திருப்புவேன், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். பின்னால் அண்ணி அம்மாவைப் பெயர் சொல்லித் திட்டினாள், என்னைத் திட்டினாள், செத்துப்போனவனைத் திட்டினாள். "வுட்டுட்டுப் போய்ட்டியேடா பாவி" என்றாள். அண்ணனை அவள் டா போட்டு நான் கேட்டதே இல்லை. பள்ளத்துத் திருப்பத்தில் ஒரு கல் முன் சக்கரத்தில் மோதி ஸ்டியரிங் கையில் துள்ளியது. கட்டை விரல் பிசகிற்று. மர உச்சிகள் தெரிந்தன. நான் ஏதோ கத்தினேன். திருப்பினேன். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டுப் பக்கம் திரும்பின.

தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அண்ணியை மாற்றினார்கள். கூட ஒருத்தர்தான் என்றார்கள், அம்மா ஏறினாள். கதவு சாத்தும்போது அண்ணி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். மழையில் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் ரோட்டுத் திருப்பத்தில் மறைந்தது.

நானும் அப்பாவும் ரோட்டோரம் நின்றோம். ஊருக்குத் திரும்பத் தோன்றவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. பொழுது சாய்வதற்குள் அம்மாவின் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "யாராட்டம் கீது?" என்று கேட்டார். அம்மா என்ன சொன்னாளோ, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பஸ் ஏறிப் போனால் கிடைக்கிற ஒட்டில்லாத கம்பி. அது இருந்திருந்தால் புளி மரத்தடியிலிருந்து அண்ணனை இப்படித்தான் கொண்டுவந்திருப்போம். அவனும் அண்ணி மாதிரிப் பலகையில் படுத்து எங்களைத் திட்டிக்கொண்டே வந்திருப்பான். அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. நிற்க முடியாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்பாவின் கால்கள் வந்து பக்கத்தில் நின்றன.

"இன்னாடி, கழண்டுகீதா?"

"இல்லப்பா. நல்லாத்தான் கீது."

"அப்பறம் இன்னா? வெளிய வா."

"வர்றேன்பா. கொஞ்ச நேரம்."

அவர் ஈரத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.